மூச்சடக்கிய கடல்

காஸ்பியன் கடல் பத்து நாளைக்கு ஒருமுறை மூச்சை அடக்கி, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். நீர்மட்டம் அளக்கும் செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும் நாள் அது. அன்று காலை மட்டும் தண்ணீர் ஓடிவந்து கிஸில்ஷாகில் ஊரின் படகுத்துறையைத் தொடும். கோள் கடந்ததும் மூச்சை விட்டுவிட்டு, கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் பின்வாங்கிவிடும். மற்ற நாளெல்லாம் துறையைச் சுற்றிச் சேறுதான், அதில் நாலைந்து ஒட்டகங்கள்.

இந்தப் பகட்டால் அதிகம் அவதிப்பட்டவள் குல்யாஷ். அவள் கணவன் சபர்காலி அந்த ஒரு காலையில் படகை எடுத்துக்கொண்டு போனால், கரையேற அடுத்த பத்தாம் நாள்தான்; அதற்குள் மீன் நாறிவிடும். படகை உடைத்து விற்றுவிட்டு எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போகிறேன் என்று அவன் கிளம்பிக்கொண்டிருந்தான். அங்கே போன ஆண்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்து, பிள்ளைகளின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். கடலுக்குள் வாய்க்கால் வெட்டித் தரச் சொல்லி குல்யாஷ் மனு மேல் மனு போட்டாள். செயற்கைக்கோள் கணக்குப்படி கடல் வற்றவே இல்லை என்று பதில் வந்தது.

கடைசியில் நீர்மட்ட அலுவலகத்திலிருந்து ஐதானா என்ற இளம்பெண் நேரில் வந்தாள். அவளைச் சேற்றின் நடுவே கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினாள் குல்யாஷ்.

"நல்லா பாரும்மா. இதுவா கடலு?"

"ஐயோ, சேறா இருக்கே அக்கா!" என்று ஐதானா வாய் மூடுவதற்குள் கோள் வந்துவிட்டது. கடல் ஓடிவந்து அவள் இடுப்புவரை நின்றது.

"தண்ணி இருக்கேக்கா..."

குல்யாஷுக்கு வந்ததே கோபம். "வெக்கங்கெட்ட கடலே! மேல போறவனுக்கு மினுக்குற, கீழ இருக்கிறவ வயிறு காயுறது தெரியலயா உனக்கு?"

கடல் காதில் வாங்கவில்லை. கோள் போனதும் அதுவும் போயிற்று. நனைந்த பாவாடையோடு ஐதானா அவள் வீட்டு அடுப்பருகே நடுங்கிக்கொண்டிருந்தாள். பால் தேநீரை நீட்டியபடி குல்யாஷ் கேட்டாள்: "ஏம்மா, எப்பவாவது ஒரு கோள் வர்றதாலதானே இந்த ஆட்டம்? ஓயாம வந்துக்கிட்டே இருந்தா?"

"மத்த நாட்டுக்காரங்களும் அளக்கணும்னுதான் சொல்றாங்க அக்கா. கேட்டுப் பாக்குறேன்."

ஐதானா சொன்னபடி கேட்டாள். ஒரு நாடு தன் செயற்கைக்கோளை அனுப்பியதும் அடுத்த நாட்டுக்கு ரோஷம் வந்தது. இரண்டு வருடத்தில் ஒன்று போகும் முன் இன்னொன்று தலைகாட்டும் நிலை வந்து, கடலுக்கு மூச்சு விட நேரமில்லாமல் போயிற்று. தண்ணீர் துறையிலேயே தங்கிவிட்டது. சபர்காலி காலையில் போய், மாலையில் துள்ளும் மீனோடு வீடு திரும்பினான்.

மூச்சடக்கி அடக்கிக் கடலின் முகம்தான் கொஞ்சம் நீலம் பாரித்துவிட்டது. கடல்தானே என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.