ஏழாம் நம்பர் மலைக்குப் பச்சை

எங்கள் கம்பனியை விற்கப்போகிறோம் என்று இன்சாப் நானா சொன்ன நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். விற்பதுகூடப் பரவாயில்லை. வாங்க வந்தவர் கேட்டார் என்பதற்காக எங்கள் மென்பொருளின் உயிரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதற்கு முன்னேற்றம் என்று இன்சாப் நானா பேர் வைத்தாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஹட்டனில் சரிபுதீன் ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் பிறந்த கம்பனி அது. ஹாஜியாரின் மகன்தான் இன்சாப்; அவர்கள் வீட்டில் அண்ணனை நானா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுவேன். தொண்ணூற்றெட்டில் அங்கே கம்பியூட்டர் கிளாஸ் நடத்தினார். ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து படிக்க வந்த பேச்சியம்மாவாகிய நான், கிளாஸ் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே வேலைக்கு ஒட்டிக்கொண்டேன். கீழே ஆணியும் பெயின்டும் விற்பார்கள். மேலே நானாவும் நானும் ஒரு கிழட்டுக் கம்பியூட்டரோடு மல்லுக்கட்டுவோம்.

தோட்டங்களில் ஆபீசில் சொன்னது மலைக்குப் போய்ச் சேர்வதற்குள் வேறொன்றாகிவிடும். மேல் பிரிவில் நடப்பது கீழ்ப் பிரிவுக்குத் தெரியாது. இவர்கள் எல்லோரும் ஒரே திரையில் பேசி வேலை செய்ய ஒரு மென்பொருள் எழுதினால் என்ன என்று நானாதான் கேட்டார். எழுதினோம். காலையில் தொழிலாளர்கள் கூடி, யாருக்கு எந்த மலையில் என்ன வேலை என்று கேட்டுக்கொண்டு போவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று சொல்வார்கள். மென்பொருளுக்கும் அந்தப் பெயரையே வைத்தோம். இதைவிடப் பொருத்தமான பெயர் உலகத்திலேயே இல்லை என்று இரண்டு பேரும் தலைகால் புரியாமல் குதித்தோம்.

ஆரம்பத்தில் டெலிபோன் லைனில்தான் எல்லாம். இடி இடித்தால் லைன் போய்விடும், பெரட்டும் படுத்துவிடும். அப்படியும் திம்புள்ளப் பக்கத்தில் ஒன்றிரண்டு தோட்டம், கந்தப்பளையில் ஒன்று, ராகலையில் ஒன்று என்று மெல்ல மெல்லப் பிடித்தோம். பிறகு கைபேசி வந்தது. ஆட்களை வேலை வாங்கும் கங்காணிமாருக்குத் தோட்டத்துச் செலவில் ஆளுக்கொரு ஃபோன் கொடுத்தார்கள். ஆபீசில் தட்டினால் செய்தி மலைக்கே போனது. கொழும்பில் கண்ணாடிக் கட்டிடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் செய்யாததை ஆணிக்கடை மாடியில் செய்துவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

பெரட்டுக்கு ஒரு விதி இருந்தது. செய்தி கிடைத்தவர் அதைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பி எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் திரையில் அவர் பெயர் பச்சையாகும். அதுவரை சிவப்பு. ஊசிமலைச் சோலைமலை கங்காணி ஒரு பதில் எழுதினால் அதில் மழை, கொழுந்து, அவர் பெண்சாதியின் காய்ச்சல் எல்லாம் இருக்கும். அதற்குள்ளே எங்கேயோ, தேயிலைச் செடி வெட்டும் வேலையைப் பற்றி, 'மூணாம் நம்பருல கவ்வாத்துன்னு சொன்னீங்க, போறோம்' என்றும் இருக்கும். எனக்கு அது போதும்.

செந்தூரனுக்கு அதுவே அதிகம். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் பெரிய மென்பொருள் கம்பனி வைத்திருந்தார். எங்களை வாங்கி, பெரட்டை நாடு முழுவதும் கொண்டுபோக நினைத்தார். நல்ல மனுசன்தான், பொய் சொல்லக்கூடாது.

"ஏன் இன்சாப், சனத்தை இப்பிடி மினக்கெடுத்துறியள்? ஃபோனில ஒண்டாம் நம்பரை அமத்தினால் பச்சை. அது காணும்" என்றார்.

நானா என் பக்கம் திரும்பவே இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டார். இவர் வாங்காவிட்டால் அடுத்த மாதம் கதவைப் பூட்ட வேண்டியதுதான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். விதியைத் தூக்கினோம். கங்காணிமாரெல்லாம் மின்னலாகப் பச்சை காட்டினார்கள்.

இரண்டாயிரத்தாறு ஐப்பசியில், விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில், செந்தூரன் கையெழுத்துப் போட வந்தார். அதற்கு முன் மென்பொருள் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். ஊசிமலைத் தோட்டத்தின் பெரட்டை அப்படியே சுவரில் பெரிதாக விழச்செய்து காட்டினோம். பிளேன்டி வந்தது, மாரி பிஸ்கட் வந்தது. நானா புதுச் சட்டை போட்டிருந்தார்.

அப்போது ஊசிமலைப் பெரிய கிளாக்கர் செல்லசாமியிடமிருந்து ஒரு செய்தி சுவரில் வந்து விழுந்தது. ஏழாம் நம்பர் மலை உச்சியில் மண் வெடித்திருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் சரியும், சோலைமலை கங்காணி ஆட்களை உடனே கீழே இறக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

வந்த மறு நொடி சோலைமலையின் பெயர் பச்சையானது.

"பாத்தியளே!" என்று செந்தூரன் கைதட்டினார். "இதுதான் வேணும்!"

ஏழாம் நம்பர் மலையில்தான் என் அக்கா ராக்கம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். சோலைமலை கங்காணியின் ஆள் அவள். அந்த மனுசன் ஒரு வரி வாசிக்க வேண்டுமென்றால் மூக்குக்கண்ணாடியைத் தேடி, துடைத்து, மாட்டி, ஃபோனைத் தூரப் பிடிக்க வேண்டும். கண்ணாடிக் கூட்டைத் திறப்பதற்குள் பச்சை எப்படி வரும்?

அவர் ஃபோனுக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மழைக்குப் பயந்து ஃபோனை ரப்பர் சீட்டுக்குள் சுருட்டி இடுப்பில் செருகியிருப்பார். கம்பியூட்டரில் உட்கார்ந்து, 'ஆட்களை இறக்குங்க' என்று தட்டினேன். பச்சை.

"பேச்சி, என்ன செய்யிறீங்க?" என்று நானா பல்லைக் கடித்தார்.

அடுத்ததைத் தட்டினேன். சுவரில் எல்லோரும் வாசித்தார்கள்: 'சோலைமலை கங்காணி ஆட்களை ஆகாயத்துக்குக் கூட்டிப்போய் அங்கே கொழுந்து எடுக்கவும்.'

பச்சை.

கீழே கடையில் யாரோ தகரம் வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நானாவின் முகம் செத்துவிட்டது.

நான் ஊசிமலை ஆபீசுக்கு அடித்து, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். செல்லசாமி எடுத்தார்.

"ஐயா, ஏழாம் நம்பர் மலையில ஆளுங்க எறங்கலைங்க. பெக்டரி சங்க ஊதச் சொல்லுங்க."

"எறங்கியாச்சே பேச்சி. பச்சை வந்துருச்சே."

"அந்தப் பச்சைய நம்பாதீங்க ஐயா."

"என்னா புள்ள பேசுற? நீங்க குடுத்த மெசினுதானே? நேரங்கெட்ட நேரத்துல சங்கு ஊதுனா பெரட்டுக்குத்தான் கூப்பிடுறாங்கன்னு அம்புட்டு மலையும் எறங்கி வந்துரும். இன்னைக்குக் கொழுந்து பாழாயிரும். தொரை ஜீப்ப எடுத்துக்கிட்டு கீழ் டிவிசனுக்குப் போயிட்டாரு. நாளைக்கு என் கழுத்தத்தானே புடிப்பாரு? ஒம் முதலாளி சொல்லட்டும், மெசினு பொய்யின்னு. அப்ப ஊதுறேன்."

எல்லோரும் நானாவைப் பார்த்தோம். செந்தூரனும்தான். கையெழுத்துப் போட எடுத்த பேனாவை அவர் இன்னும் மூடவில்லை. எட்டு வருசத்து உழைப்பு அந்த மேசையில் கிடந்தது. எனக்கு நானாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கழுத்தை நெரிக்க வேண்டும் போலவும் இருந்தது.

"நானா, எங்க அக்கா அங்க நிக்கிறா" என்றேன்.

நானா எழுந்து வந்து ஃபோன் பக்கம் குனிந்தார்.

"இன்சாப் பேசுறேன். எங்கட மெசின் பொய் சொல்லுது. பச்சைய நம்பவே வாணாம். அல்லாவுக்காக அந்தச் சங்க ஊதுங்க."

செல்லசாமி ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு ஓடுவது கேட்டது. பிறகு சங்கு. ஹட்டனில் எங்கள் மாடியில், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது கரகரத்துக்கொண்டு வந்தது. நின்றது. மறுபடி ஊதியது.

காத்திருந்தோம். பிளேன்டி ஆறிப்போனது. நானா ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். செந்தூரனும் போகவில்லை. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தெரிந்த சாமி பெயரெல்லாம் குழம்பிப்போய் ஒன்றும் வாயில் வரவில்லை.

ஒருவழியாக ரிசீவரில் செல்லசாமி மூச்சு வாங்கும் சத்தம். "எல்லாம் பெரட்டுக் களத்துக்கு வந்துருச்சுங்க. ஏழாம் நம்பர் ஆளுங்க இப்பத்தான் ஓடி வராங்க. ஒங்க அக்காவும் இங்கதான் நிக்கிது பேச்சி. சங்கு ஊதுனவன் எவன்டான்னு ஏசிக்கிட்டு நிக்கிது."

நான் தரையில் உட்கார்ந்து, ஓவென்று அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

செந்தூரன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "நீங்கள் செய்தது சரி இன்சாப்" என்றார். "ஆனா உங்கட சாமானை நீங்களே பொய் எண்டு சொன்னாப் பிறகு நான் என்னெண்டு வாங்குறது?" என்றுவிட்டுப் படியிறங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அன்று பின்னேரமே நானாவும் நானும் ஊசிமலைக்குப் போனோம். சோலைமலையை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் போனேன். மனுசன் ஆபீஸ் வாசலில் கைகட்டி நின்றார்.

"வாசிக்காம ஏன் அமுத்துனீங்க?" என்று கேட்டேன்.

"பெரட்டுல பேரு கூப்பிட்டா 'இருக்கேன்'னு சொல்லணும் தாயி. சத்தங் குடுக்காதவனுக்கு அரைப்பேருதான், பாதிச் சம்பளம். அப்பன் காலத்துலயிருந்து அந்தப் பயந்தான். போனு கத்துச்சி, ரப்பர் சீட்டுக்கு மேலயே இருக்கேன்னு அமுத்துனேன். கத்துறப்பல்லாம் அமுத்துனேன்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே அதுக்குப் பெரட்டுன்னு பேரு வச்சீங்க?"

நானா தன் புதுச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்ததும் பழைய விதியை மறுபடி ஏற்றினோம். "பூட்டுறதுன்டாலும் இதோட பூட்டுவோம்" என்றார் நானா. மழை விடிய விடியக் கொட்டியது.

காலையில் செல்லசாமியின் செய்தி வந்தது: 'ஏழாம் நம்பர் மலைப் பக்கம் யாரும் போகக்கூடாது.' சோலைமலையின் பெயர் சிவப்பாகவே இருந்தது. கண்ணாடியைத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். துடைக்கிறார். மாட்டுகிறார். நானா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். இரண்டு பேரும் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதில் வந்தது. மழையைப் பற்றி இல்லை, கொழுந்தைப் பற்றி இல்லை, பெண்சாதியைப் பற்றியும் இல்லை.

'ஏழாம் நம்பருக்கு போகல. ஏழாம் நம்பர் மலை இப்ப அங்க இல்ல.'

பெயர் பச்சையானது.