மாடி வீட்டு அத்தையின் ஓட்டு

ரேடியோவுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவனுடைய ரிப்பேர் கடை காரணமில்லை, வாய்தான் காரணம். யாருடைய மிக்சியையாவது பிரித்துப் போட்டுவிட்டுத் தெருவில் போகிறவர்களின் கதையெல்லாம் சொல்லுவான். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வெளியூர் போனார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கட்சிக்காரர்கள் அவனை வாக்குச்சாவடி முகவராகப் போட்டதும் அதற்காகத்தான்.

முகவர் வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. அலுவலர் பெயரைச் சத்தமாக வாசிப்பார். வந்து நிற்கிற ஆள் அந்தப் பெயருக்கு உரியவர் இல்லையென்றால் எழுந்து ஆட்சேபணை சொல்ல வேண்டும். முகவர்களுக்கு வகுப்பெடுத்தவர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். ரேடியோவும் காலையிலிருந்து மிடுக்காகத்தான் உட்கார்ந்திருந்தான்.

மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் அலுவலர் அவன் தெரு மாடி வீட்டு அத்தையின் பெயரை வாசித்தார். ரேடியோ நிமிர்ந்தான். எதிரே நின்றது கட்சி ஆபீஸைக் கூட்டிப் பெருக்கும் அம்மாள். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அத்தை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், ஓட்டுப் போட வரமாட்டார் என்று முந்தின நாள் கட்சிச் செயலாளரிடம் உளறிய ஓட்டைவாய் அவனுடையதுதானே.

எதிர்க்கட்சி முகவராக வந்திருந்தது வேறு தெருவைச் சேர்ந்த ஒரு டீச்சர். அவருக்கு இங்கே யாரையும் தெரியாது. சந்தேகத்தோடு அவன் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

ஊர்க்கதை பேசும் வாய் திறக்கவேயில்லை. ஆமென்று தலை மட்டும் ஆடியது. அந்த அம்மாள் விரலில் மை வைத்துக்கொண்டு, ஓட்டைப் போட்டுவிட்டு, அவனைப் பார்க்காமலே போனார்.

ஒரு ஓட்டுதானே, படுத்துக் கிடக்கிறவர் எங்கே வரப்போகிறார் என்று அவன் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அத்தை இறங்கினார். ஊசி குத்தியிருந்த புறங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ரேடியோவின் முகத்தில் ஈயாடவில்லை.

அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு, உங்கள் ஓட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டதே என்றார். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரிடம் சண்டை போட்டுக்கொண்டு இப்போதுதான் வருகிறேன், நான் எப்போது போட்டேன் என்று கேட்டார். அவனைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது.

"அதோ உக்காந்திருக்கான்ல, அவனக் கேளுங்க. அவனுக்கு என்னைத் தெரியும்."

இவர்தான் அந்தப் பெயருக்குரியவர் என்று ரேடியோ முனகினான்.

"அப்போ முன்னாடி அந்த அம்மா வந்தப்ப தலையாட்டினீங்களே?" என்றார் டீச்சர்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் செயலாளரின் பெயர் வெளியே வரும், போலீஸ் ஸ்டேஷன் படியும் ஏற வேண்டியிருக்கும்.

"சரியா கவனிக்கல," என்றான்.

உடனே அத்தை பரிந்துகொண்டு வந்தார். "அவனப் போய் ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. நான் படுத்த நாள்லேர்ந்து மாத்திரை வாங்கிட்டு வந்து குடுக்கறது அவன்தான். காலையிலேர்ந்து இங்கயே கெடக்கறான், கண்ணு சொருகியிருக்கும்."

டீச்சர் நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. அவமானத்தில் காதுமடல் வரைக்கும் எரிந்தது.

விதிப்படி அத்தைக்கு ஒரு காகித ஓட்டுச்சீட்டுக் கொடுத்தார்கள். இப்படிக் கொடுக்கிற சீட்டு மற்ற ஓட்டுகளோடு சேராது. தனி உறைக்குள் போய்விடும், யாராவது கோர்ட்டுக்குப் போனால்தான் அந்த உறையைப் பிரிப்பார்கள். அதையும் வகுப்பில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அத்தை முத்திரை குத்தி, பத்திரமாக மடித்துக் கொடுத்துவிட்டு, அவன் நாற்காலியருகே வந்து நின்றார்.

"இதையும் சேத்து எண்ணுவாங்கல்ல?"

உறையை ஒட்டிக்கொண்டிருந்த அலுவலர் கையை நிறுத்திவிட்டு ரேடியோவைப் பார்த்தார்.

"எண்ணுவாங்க அத்தை," என்றான்.

அத்தைக்கு அது போதுமாயிருந்தது. அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே போனார். ஓடிப்போய்க் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிவிட வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

அலுவலர் அடுத்த பெயரை வாசித்தார். வந்து நின்ற முகத்தை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. டீச்சரும் இந்த முறை அவனிடம் எதுவும் கேட்கவில்லை.