வாய்விட்டுப் படிக்காத பாடம்

வியர்வை காய்வதற்குள் ஜிம் தரையில் விரித்த ரப்பர் மேட்டைத் துடைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் நாற்றம் லேசில் போகாது. காலை பேட்ச் பெண்கள் கலைந்து போனதும் அவள் மண்டியிட்டு, ஒரு கையால் மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சி, மறு கையால் துடைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். மேட்டுக்கு ஒரு தசையின் பெயர் என்று கணக்கு வைத்திருந்தாள். முன்தொடைக்கு ஒன்று, பின்தொடைக்கு ஒன்று, கெண்டைக்கால் வரும்போது ஜன்னலோரம் வந்திருக்க வேண்டும். பெயர் மறந்தால் எழுந்து போய், ட்ரெட்மில்லின் மேல் சாய்த்து வைத்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து அதே மேட்டை மறுபடியும் துடைத்தாள். அன்றைக்கு முதுகுத் தசைகளில் மாட்டிக்கொண்டதில் ஒரு மேட் மூன்று முறை குளித்தது.

கண்ணாடி அறையிலிருந்து ஓனரம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, மேட்டைத் தேய்ச்சே ஓட்டை போட்டுடுவ போல இருக்கே."

"முதுகுத் தசையில நாலு பேரு மனசுல நிக்கவே மாட்டேங்குது மேடம்."

"நிக்க வை. அடுத்த மாசத்துலேர்ந்து க்ளீனிங்கைக் காண்ட்ராக்ட்காரங்க எடுத்துக்கறாங்க. அவங்க, அவங்க ஆளைத்தான் போடுவாங்க. நீ பாஸ் பண்ணி சர்டிபிகேட்டோட வந்தா டிரெய்னரா இங்கேயே இருக்கலாம். இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்ல. இந்தப் பரீட்சையை விட்டா அடுத்தது ஆறு மாசம் கழிச்சுத்தான்."

ஓனரம்மா கெட்டவர் அல்ல. பரீட்சை எழுதச் சொன்னதே அவர்தான். டிரெய்னர் வராத நாட்களில், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அக்கா, முட்டி உள்ளே போகுது பாருங்க" என்று இவள் திருத்துவதை அவர் கவனித்திருந்தார். சர்டிபிகேட் இல்லாதவள் ஆட்களைத் தொடக் கூடாது என்பது விதி. விதியை ஓனரம்மா உண்டாக்கவில்லை, காண்ட்ராக்டையும் ஏதோ தலைமை அலுவலகம்தான் உண்டாக்கியது. ஆக மொத்தம் யாரையும் கோபித்துக்கொள்ள வழியில்லை. படிக்க மட்டும்தான் வழி இருந்தது.

வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. போனில் அர்த்தம் பார்த்து, தன் பேச்சில் மாற்றி, பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் சொல்லிக்கொண்டே இருப்பாள். குடியிருப்பது ஒற்றை அறை. வேலை முடிந்து வந்து தரையில் நீட்டிப் படுக்கும் கணவன் கேட்காமல் இருப்பதென்றால் காதைக் கழற்றி வைக்க வேண்டும். "இன்னிக்கு என்ன பாடம் மாஸ்டர்? இதயமா, எலும்பா?" என்பான். மாஸ்டர் என்ற பெயர் அவன் வைத்ததுதான்.

அவனுக்குத் தண்ணீர் கேன் போடும் வேலை. இருபது லிட்டர் கேனைத் தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறுவான். பல கட்டடங்களில் லிஃப்டில் கேன் ஏற்றக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். போட்ட கேனுக்குத்தான் கூலி. போடாத நாளுக்கு ஒன்றும் கிடையாது.

செய்முறைத் தேர்வுக்குப் பழக ஓர் உடம்பு தேவைப்பட்டது. வீட்டில் இருந்தது அவன் உடம்புதான்.

"எந்திரிங்க. இங்க வந்து நேரா நில்லுங்க."

"நாள் முழுக்க எக்சர்சைஸ் பண்ணிட்டுத்தான் மாஸ்டர் வர்றேன். அதுக்குக் காசு வேற தர்றாங்க."

"பேசாம கையை மேல தூக்குங்க. அப்படியே நாற்காலியில உக்கார்ற மாதிரி இறங்குங்க. ம்... முதுகு வளையுது."

"வளையாம இருந்தா எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தேர்வில் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். முன்பாதத்தில் நிற்கச் சொன்னாள், நின்றான். "இப்ப குதிகால்ல நில்லுங்க. விரலெல்லாம் மேல வரணும்" என்றாள்.

வலது பாதம் சட்டென்று எழுந்தது. இடது பாதம் தரையிலேயே கிடந்தது. பெருவிரல் மட்டும் லேசாகத் துடித்தது.

"தூக்குங்க."

"தூக்கிட்டேன்ல?"

"இடது காலை."

அவன் குனிந்து பார்த்தான். "அட, ஆமா. படி ஏறி ஏறி அலுத்துப் போயிருக்கும். அதுக்கும் லீவு வேணாமா?"

அவள் உட்கார்ந்து அவன் பாதத்தின் மேல் நகத்தால் கோடு இழுத்தாள். வெள்ளைக் கோடு விழுந்தது. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோடு மறையும் நேரத்தில் குனிந்து பார்த்த பிறகுதான், "கிச்சுக்கிச்சு மூட்டாத" என்றான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பயிற்சியை எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒரு பாடம் உண்டு. அந்த வாரம் முழுவதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். இடுப்பு வலி காலுக்கு இறங்கினால், கால் மரத்துப்போனால், பாதத்தைத் தூக்க முடியாவிட்டால், அந்த நிமிடமே நிறுத்து. அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பு. நோய்க்குப் பெயர் சொல்வது பயிற்சியாளரின் வேலை அல்ல.

கடைசி வரியை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பெயர் சொல்வது தன் வேலை இல்லையே. தப்பாகவும் இருக்கலாம். டாக்டரிடம் போனால் முதலில் வேலையை நிறுத்தச் சொல்வார்கள். அவன் நின்றுவிட்டால் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அவள்தான் சாயங்கால வேலைக்கும் போக வேண்டும், புத்தகத்தை மூடி வைக்க வேண்டும். அடுத்த மாதம் துடைக்கும் வேலையும் போய்விடும். பிறகு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரம்தானே, அது முடிந்ததும் தானே கையைப் பிடித்துக் கூட்டிப் போகலாம் என்று நினைத்தாள். நினைத்து முடித்ததும் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைத்ததை மாற்றவில்லை.

"சரி, போதும். கையைக் காலைக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் படியேறி வரும் சத்தம் அவளுக்குத் தனியாகக் கேட்க ஆரம்பித்தது. ஒரு கால் ஒழுங்காக விழும். மற்றது தட்டென்று அறையும். முன்பெல்லாம் கவனித்ததே இல்லை. இப்போது மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும் போல இருந்தது. அவன் உள்ளே வந்ததும் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், இடுப்பில் தைலம் தேய்த்தாள், தன் தட்டில் இருந்ததை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"என்ன மாஸ்டர், கவனிப்பு பலமா இருக்கு? பயமா இருக்கே" என்றான்.

"ரெண்டு கேனா தூக்காதீங்க. ஒண்ணொண்ணா கொண்டு போங்களேன்."

"ஒண்ணொண்ணா தூக்கினா படிக்கட்டுலேயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்."

சொல்லிவிடலாம் என்று அப்போது வாயைத் திறந்தாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து தட்டை எடுத்துப் போனான். அவள் வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் இடது கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து வந்தான். படி தடுக்கிவிட்டது என்றான். துணியைச் சுற்றிக் கட்டும்போது, "வலிக்குதா?" என்று கேட்டாள். "இல்லவே இல்ல" என்றான். வலிக்காததுதான் அவளை உலுக்கியது. 

பரீட்சையன்று எழுதும் பகுதி நன்றாகவே போயிற்று. செய்முறைக்குத் தேர்வாளர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தன்னைப் பயிற்சிக்கு வந்த ஆளாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். கைதேர்ந்த நடிகர் போல இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு நாளா இடது கால் மரமரன்னு இருக்கு. நடந்தா தடுக்குது. ஆனா இந்த மாசம் எடை குறைச்சே ஆகணும். மூணு வாரம் ஓட்டிட்டு அப்புறமா டாக்டரைப் பாக்கறேனே?"

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். இந்த ஆளுக்கு யார் சொன்னது என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"கூடாது சார். இப்பவே நிறுத்தணும். இன்னிக்கே டாக்டரைப் பாக்கணும். பாக்காம நான் உங்களைத் தொட மாட்டேன்."

"காசு கட்டியிருக்கேன். வேற ஜிம்முக்குப் போயிடுவேன்."

"போனாலும் பரவாயில்ல சார். கால் முக்கியம்."

தேர்வாளர் நடிப்பை விட்டு நிமிர்ந்தார். "நல்ல பதில். நிறைய பேர் இந்த இடத்துலதான் வழுக்கிடறாங்க. ஆள் போயிடுவாங்களேன்னு பயம்." முடிவு சாயங்காலமே போனில் வந்தது. பாஸ்.

அவள் படியேறி வரும்போது அவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு கையைத் தட்டினான். அவள் பையைக்கூட இறக்கவில்லை.

"நாளைக்கு வேலைக்குப் போகாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம். உங்க கால்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"முதுகுல ஏதோ நரம்பை அழுத்துது. அதானே? நிறுத்து, அன்னிக்கே அனுப்பு." அவளைப் போலவே ராகம் போட்டுச் சொன்னான். "எல்லாப் பாடமும் சத்தமாத்தான் படிப்ப. நான் குதிகால்ல நின்ன அன்னையிலேர்ந்து அந்த ஒரு பாடத்தை மட்டும் மனசுக்குள்ள படிச்ச. உதடு அசையும், சத்தம் வராது. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவள் அப்படியே வாசலில் உட்கார்ந்தாள். "தெரிஞ்சும் ஏங்க சும்மா இருந்தீங்க?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லியிருந்தா அன்னிக்கே கேனை இறக்கி வெச்சிருப்பேன்." அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "சொல்லல. சரி, படிச்சவ, அவளே சும்மா இருக்கான்னா அவ்ளோ ஒண்ணும் இருக்காதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். விடு. பாஸாயிட்டேல்ல? மொதல்ல எந்திரி."

அவள் எழுந்திருக்கவில்லை. அவன் கால்மாட்டில் முகத்தை வைத்து அழுதாள். அவள் கண்ணீர் இடது பாதத்தில் விழுந்தது அவனுக்குத் தெரிந்ததா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசியால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். அவன் கண்ணை மூடிக்கொண்டு, குத்தாதபோது "ஆமா" என்றான், குத்தும்போது சும்மா இருந்தான்.

"பாதம் இப்படித் தொங்கறதை எப்ப கவனிச்சீங்க?"

"நேத்துதான் சார்" என்றான் அவன், அவள் வாயைத் திறப்பதற்குள்.

டாக்டர் முகம் தெளிந்தது. "நேத்தா? அப்ப பரவாயில்ல. சீக்கிரமே வந்துட்டீங்க."

"இல்ல டாக்டர்" என்றாள். "மூணு வாரம் ஆச்சு. நான்தான் பாத்தேன். குதிகால்ல நிக்க வெச்சுப் பாத்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பாத்துட்டு?"

 அவன்தான், "அவங்களுக்குப் பரீட்சை சார்" என்றான், ஏதோ உடம்பு சரியில்லாத குழந்தைக்கு லீவு கேட்பதைப் போல.

ஸ்கேன் எடுக்க வேண்டும், ஆபரேஷன் செய்யலாம், ஆனால் நரம்பு இத்தனை நாள் நசுங்கிக் கிடந்ததால் கால் முழுதாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். எப்படியானாலும் இனி ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கவே கூடாது.

"அஞ்சு கிலோவுல யாரு சார் தண்ணி விக்கறாங்க?" என்று அவன் கேட்டான். கேலியாகத்தான் ஆரம்பித்தான். கடைசியில் அது நிஜமான கேள்வியாக நின்றுவிட்டது. டாக்டர் மணியை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஒன்றாம் தேதி அவள் புது டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போனாள். துடைக்க வேறொருத்தி வந்திருந்தாள். ஓனரம்மா கைகுலுக்கிவிட்டு, "காலை பேட்சுக்கு வெயிட் தூக்கிட்டு நடக்கிறதைக் கத்துக் குடு. எல்லாரும் ஆசைப்படறாங்க" என்றார்.

பெண்கள் கைக்குப் பத்துக் கிலோவாக இரண்டு டம்பெல்லை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்தார்கள். "முதுகு நேரா. தோளை இறக்குங்க. வலிச்சா உடனே சொல்லிடணும்" என்று அவள் கூடவே நடந்தாள். இரண்டாவது நடையில் ஒரு பெண் பாதி வழியில் நின்றுவிட்டார்.

"என்னக்கா?"

"ஒண்ணும் இல்ல மாஸ்டர். இடுப்புல லேசா பிடிச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப போயிடுச்சு. நடக்கட்டுமா?"

அவள் ஓடிப் போய் இரண்டு டம்பெல்லையும் அந்தக் கைகளிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். குரல் அவளை மீறி உயர்ந்தது. "வேணாம். போதும். இன்னிக்கு ஒண்ணும் பண்ணாதீங்க. நாளைக்கும் வராதீங்க. டாக்டரைப் பாத்துட்டு, நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க."

அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியம். பக்கத்தில் இருந்தவளிடம், "எவ்ளோ அக்கறை பாரு" என்று சொல்லிவிட்டு, டவலை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஏசி காற்று நேராக வரும் நாற்காலியில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் இரண்டு கைகளிலும் டம்பெல்களோடு, ஒரு தண்ணீர் கேனின் கனத்தோடு, அங்கேயே நின்றாள்.