எண்பது ஜோடியும் செங்கோட்டையனின் வாயும்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் பேராசை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்தக்கடை மாடியில் நடக்கும் ஓர் ஆங்கிலப் பேச்சு வகுப்புக்குச் சின்னப் புத்தகம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். பார்க்கவோ கேட்கவோ ஒன்றுபோல இருந்து ஆளை ஏமாற்றும் சொற்கள். டெசர்ட் என்றால் பாலைவனம், டிசர்ட் என்றால் சாப்பாட்டுக்குப் பிந்தைய இனிப்பு. அக்செப்ட் என்றால் ஏற்றுக்கொள், எக்செப்ட் என்றால் தவிர. நாற்பது ஜோடி போதும் என்றார்கள். நான்தான் விடாமல் எண்பதாக்கினேன்.

அதைப் படித்த யாரோ ஒருவர் ஆங்கிலம் பேசுவதையே விட்டுவிட்டார் என்று பிறகு காதில் விழுந்தது. (யார் என்று விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் இது கதையாகியிருக்காது, மன்னிப்புக் கடிதமாகியிருக்கும்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'திருச்செங்கோட்டு மலைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது செங்கோட்டையன் மெல்ல—'

வேண்டாம். மலைக்கும் வெயிலுக்கும் இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.

நேராகவே சொல்கிறேன். செங்கோட்டையனுக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடம் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். கர்நாடகம், மத்தியப் பிரதேசம் என்று போகாத ஊரில்லை. பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் தூசி அவர் நெஞ்சில் படிந்துவிட்டது. இனி தூசிப் பக்கம் போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தான்சானியாவில் போர் போடும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்தது. ஜீப்பில் உட்கார்ந்து ஆட்களை மேய்க்கும் வேலை, தூசி கிடையாது. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ, ஆங்கிலத்தில்.

3

வகுப்பை நடத்துபவள் சோபியா. முப்பத்திரண்டு வயது. கதையில் அந்தப் புத்தகத்தை எழுதியவளும் அவள்தான் என்று மாற்றிவிட்டேன். என் பழியைத் தூக்கி அவள் தலையில் கட்டியாயிற்று. எழுதுகிறவனுக்கு இந்த ஒரு வசதி உண்டு.*

* கெட்டிக்கார டீச்சர். அவளைக் கெட்டவளாக்கிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை.

சோபியாவின் முறை ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்யவைப்பது. எங்கள் பக்கத்தில் கோழிப்பண்ணை, லாரி இரண்டுக்கும் அடுத்த பெரிய தொழில் மனப்பாடம்தான், அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. வகுப்புக்கு வந்த முதல் நாள் செங்கோட்டையன் பேசிய ஆங்கிலத்தில் இலக்கணம் மருந்துக்கும் இல்லை. 'வாட்டர் நோ சார், ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட் பினிஷ், திஸ் சைட் டுமாரோ நியூ ஹோல்' என்று மடை திறந்ததுபோல் கொட்டினார். சோபியா சிரிப்பை அடக்கிக்கொண்டு புத்தகத்தைக் கொடுத்தாள். மூன்று வாரத்தில் எழுத்துத் தேர்வில் எண்பதுக்கு எண்பது வாங்கினார். அவர் தாளை அவள் சுவரில் ஒட்டினாள்.

4

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. எந்த சைட்டில் கடைசியாக வேலை செய்தீர்கள் என்று சோபியா ஆங்கிலத்தில் கேட்டாள். செங்கோட்டையன் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை.

சைட் என்றால் வேலை நடக்கும் இடம். சைட் என்றால் பார்வையும்கூட. ஹோல் என்றால் துளை, ஹோல் என்றால் முழுசு. எழுத்துதான் வேறே, வாயில் வரும்போது இரண்டும் ஒன்றுதான், நாக்கு நினைத்தாலும் தப்புப் பண்ண முடியாது. இருபத்திரண்டு வருடம் யோசிக்காமல் சொன்ன சொற்கள் அவை. இப்போது ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, இதுவா அதுவா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கூச்சப்படுகிறார் என்று சோபியா நினைத்தாள். புத்தகத்தை இன்னொரு தடவை புரட்டிக்கொண்டு வரச் சொன்னாள். (இந்த இடத்தில் அவளை நிறுத்தியிருக்கலாம். எனக்கும் அப்போது தெரியவில்லை.) செங்கோட்டையன் எழுந்திருக்கவில்லை. சற்று இருமிவிட்டுச் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். போர் போடறப்ப ஒவ்வொரு ராடு எறங்குனதும் வார மண்ணத் தனித்தனிக் குமியலாத் தள்ளித் தள்ளி வெப்போமுங்க. அப்பத்தான் எத்தன அடியில என்ன மண்ணுன்னு தெரியும். நீங்க ரெண்டு மண்ணயும் ஒரே குமியலாக் கொட்டிப்போட்டு, இப்பப் பிரிங்கறீங்க. எனக்கு மொதல்ல பிரிஞ்சுதானுங்க இருந்துச்சு."

சோபியாவுக்கு முகம் சுண்டிப்போனது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். ஆறு வருடமாக எத்தனை பேருக்கு இதைச் செய்திருப்பாள் என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"இனி இதத் தொடாதீங்கண்ணா. மொதல் நாள் பேசுன மாதிரியே பேசுங்க. தப்பா இருந்தாலும் பரவால்ல," என்றாள்.

அவர் தலையாட்டினார். தெரிந்துகொண்டதை இரண்டே நாளில் தெரியாமல் ஆக்கிக்கொள்வது எப்படி என்று அவர் கேட்கவில்லை.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் அவர் பழையபடி கொட்டித் தீர்க்கிறார், வேலை கிடைக்கிறது, சோபியாவுக்கு லட்டு வாங்கி வருகிறார். படித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி ரிக் வண்டி ஏறுகிறார். அதை எழுதி முடித்த மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டையும் அடித்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது இவ்வளவுதான். வியாழக்கிழமை, பதினொன்று பத்து. சோபியாவின் லேப்டாப்பில் கம்பெனிக்காரர்கள் இருவரின் முகங்கள். நானூறு அடியிலும் தண்ணீர் இல்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டார்கள். அவருக்கு இதைவிடத் தெரிந்த விஷயம் உலகத்தில் வேறில்லை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சோபியாவின் நாக்கு நுனியில் சரியான வாக்கியம் ஒன்று தயாராக இருக்கிறது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

அவர் பதிலை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கு முறையும் என் ஆங்கிலமே வந்தது, திருத்தி, துடைத்து, தப்பே இல்லாமல். ஆகவே அந்த வரியைக் காலியாக விடுகிறேன்:

'                                        '

எதிர்முனையில் இருப்பவர்கள் இன்னும் வீடியோவை அணைத்துவிடவில்லை. எண்பது ஜோடியும் தெரிந்த வாசகர்கள் தயவுசெய்து அவருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டாம். அவர் வாயைத் திறக்கும்வரை கொஞ்சம் சும்மா உட்கார்ந்திருங்கள்.