நானூறு டிகிரியில் ஒரு புகைபோக்கி

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் சந்தையில் நாற்பது வருடம் துணி விற்றவர் சக்டன். சாயம் போகும் துணியைப் போகாது என்று சத்தியம் பண்ணும்போதுகூட முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. அப்பேர்ப்பட்ட மனிதர் அந்தச் சனிக்கிழமை, சர்ச் மண்டபத்து ரயில் மாடல் கண்காட்சியில், தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு நின்றார்.

காரணம் எதிர் மேஜையில் இருந்தது. அவருடைய நண்பர் நாரிஸ், பித்தளைத் தகடுகளை வளைத்துப் பற்றவைத்து நாலு வருடமாகக் கட்டிய நீராவி எஞ்சின். ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஆனால் ஆணித்தலை ஒன்று குறையாது. புகைபோக்கி மட்டும் பாக்கி என்றபோது நாரிஸின் கைக்கு நடுக்கம் வந்துவிட்டது. "நீ வச்சுக் குடுடா. வேற எவன் கையிலயும் இதைத் தர மாட்டேன்" என்று போன மாதம் பெட்டியோடு சக்டனிடம் கொடுத்தார்.

புகைபோக்கி ஈயக் கலவையில் வார்த்தது. பற்றவைக்கும் கோலைப் பித்தளைக்கு நானூறு டிகிரியில் வைத்தால், ஈயத்தைத் தொடுமுன் குமிழைத் திருகிச் சூட்டைக் குறைத்தாக வேண்டும். அந்த மண்டபத்தில் இருப்பவர்களில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சக்டன் குறைக்கவில்லை. வீட்டு வானொலியில் யார்க்ஷயர் அணியின் கடைசி விக்கெட் ஆடிக்கொண்டிருந்தது. காது அங்கே இருந்தது. புகைபோக்கி வெண்ணெயாய்ச் சரிந்து, பட்டாணி அளவு உருண்டையாகி மேஜையில் ஓடியது.

அந்த எஞ்சினின் பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்ற கம்பெனி மூடி எட்டு வருடம்; வேறு புகைபோக்கி கிடைக்காது. சக்டன் தன் டப்பாவைக் கிளறி, வேறொரு ரயில்வே எஞ்சினின் புகைபோக்கியை ஒட்டி, கறுப்பு அடித்து, "கனகச்சிதம்" என்று திருப்பிக் கொடுத்தார். நாரிஸ் நன்றி சொல்லி இஞ்சிக் கேக் வேறு தந்தார். அதையும் தின்றார்.

இப்போது கிளெமண்ட் பூதக்கண்ணாடியோடு எஞ்சின் மேல் குனிந்தார். இவர்களுடைய ரயில் மாடல் கிளப்பில் குற்றம் கண்டுபிடிக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் பார்ப்பவர்.

"இதென்னப்பா நாரிஸ், எவன் தொப்பியையோ மாட்டியிருக்க? இது டெர்பி ஊர்ல கட்டின எஞ்சினோடது. வாயில விளிம்பே இல்லையே! நாலு வருஷம் கட்டித் தலையில கோட்டை விட்டுட்டியே!"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நாரிஸ் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா... நான்தான் பெட்டியில மாத்தி வச்சிருப்பேன். கைதான் போச்சுன்னு நினைச்சேன், மூளையும் போகுது போல." சக்டன் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை கருவி எல்லாத்தையும் கிளப்புக்குக் குடுத்துடுறேன்டா. இனிமே எனக்கு எதுக்கு?"

சக்டனுக்கு வாழ்நாளில் முதல் தடவையாக நெற்றி வியர்த்தது. பழி தானாகவே வேறு வீட்டுக்குப் போய்விட்டது. வாயைத் திறக்காவிட்டால் இந்த வியாபாரத்தில் அவருக்கு நஷ்டமே இல்லை. எறிய மனம் வராமல் மூன்று வாரமாகக் கோட்டுப் பையில் சுமந்த உருண்டையை எடுத்து மேஜையில் வைத்தார்.

"நீ ஒண்ணும் மாத்தி வைக்கல. இதுதான் உன் புகைபோக்கி."

நாரிஸ் அதை எடுத்தார். நடுங்கும் விரல்களுக்குள் அது உருண்டது.

"எத்தனை டிகிரி?"

"நானூறு."

"ஈயத்துக்கா! ஏண்டா கழுதை, நேத்து சேர்ந்தவன்கூட இதைச் செய்ய மாட்டானே!"

"கிரிக்கெட் கேட்டுட்டிருந்தேன்."

கிளெமண்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாரிஸ் சிரிக்கவில்லை.

"கனகச்சிதம்னு சொன்னியேடா. என் கேக்கைத் தின்னுகிட்டே சொன்ன."

சக்டன் தன் ஷூவைப் பார்த்தார்.

"அப்போ என் தலை சரியாத்தான் இருக்கா?" நாரிஸின் குரல் இறங்கியிருந்தது.

"சரியாத்தான் இருக்கு."

"கருவியைக் குடுக்க வேண்டாம்?"

"வேண்டாம்."

கட்டியவர், வண்ணம் அடித்தவர் பெயர்களை எஞ்சின் முன்னால் அட்டையில் எழுதி வைப்பது இவர்கள் வழக்கம். நாரிஸ் பென்சிலை எடுத்து, தன் பெயருக்குக் கீழே கோணல்மாணலாக எழுதினார்: புகைபோக்கி – சக்டன். அட்டையின் மேல் உருண்டையை வைத்தார்.

ஐந்து மணிவரை ஆட்கள் வந்து படித்துவிட்டுப் போனார்கள். சக்டன் மேஜையருகிலேயே நின்றார். போகலாம் என்று நாரிஸ் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.