எங்களுக்கு வயிறு சரியாகத்தான் இருந்தது

காலை ஏழு மணிக்கு மேனேஜர் சார் எங்கள் அறைக் கதவைத் தட்டினார். நான் சேறு போகத் துவைத்த கையுறைகளை ஜன்னல் கம்பியில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என்னோடு அதே அறையில் தங்கியிருந்த எங்கள் கேப்டன், குள்ளமானவள் என்பதால் எல்லோருக்கும் அவள் 'கட்டை', வாய் நிறைய பற்பசை நுரையோடு போய்க் கதவைத் திறந்தாள்.

சார் உட்காரவில்லை. "நல்லா தூங்கினியாம்மா?" என்று என்னைக் கேட்டார். வந்த பத்து நாளில் அவர் எனக்கு ஒரு 'ம்மா' போட்டது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

கையில் இருந்த தாளை நீட்டினார். போட்டி அமைப்பாளர்களுக்கு எழுதிய கடிதம். ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் எங்கள் அணியில் பத்துப் பேருக்குக் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆகவே இன்று மூன்று மணி ஆட்டத்தில் கலந்துகொள்ள இயலாது. கீழே பத்துப் பெயர்கள், பக்கத்தில் கையெழுத்துக்கு இடம். முதல் பெயர் என்னுடையது.

"எனக்கு ஒண்ணும் இல்லையே சார்."

"இல்லதான். உனக்காகத்தாம்மா சொல்றேன்."

அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பக்கத்து நாடுகள் சேர்ந்து நடத்தும் பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான கால்பந்துப் போட்டி அது. எங்கள் நாடு பெண்கள் அணி அனுப்பியது அதுவே முதல் முறை. முதல் ஆட்டத்தில் ஒன்பது கோல். அடுத்ததில் பதினொன்று. இருபதையும் வாங்கியவள் நான்தான், கோல்கீப்பர். ஊரில் ஒரு பத்திரிகை என் படத்தைப் போட்டு 'சல்லடை' என்று தலைப்பு வைத்திருந்தது. அக்கா அதைப் படமெடுத்து அனுப்பி, 'போட்டோ நல்லாத்தான் வந்திருக்கு' என்று மட்டும் எழுதியிருந்தாள். மூன்றாவது ஆட்டம் போட்டியை நடத்தும் நாட்டோடு. இருக்கிறவர்களிலேயே பெரிய கை அவர்கள்தான்.

"இன்னைக்கும் பதினஞ்சு வாங்கிட்டுப் போனா, பொம்பளப் பிள்ளைங்க டீமே இனிமே வேணாம்னு சங்கத்துல எழுதிடுவாங்க. உடம்பு சரியில்லன்னா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது" என்றார் சார்.

அடிபட்ட இருவர் போக நாங்கள் பதினாறு பேர். அதில் பத்துப் பேர் படுத்துவிட்டால் மிச்சம் ஆறு. ஏழு பேராவது இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க விதி இடம் கொடுக்காது. நன்றாகத்தான் யோசித்திருந்தார்.

கட்டை நுரையைத் துப்பிவிட்டு வந்தாள். "கோச்சக்காவுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும். அவங்க ஒண்ணும் சொல்லல. அரை மணி நேரத்துல வரேன், போட்டு வைங்க. கீழ சாப்பிடப் போயிடாதீங்க, கதை கெட்டுடும்." தாளையும் பேனாவையும் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்.

பொய் சொல்லக்கூடாது, ஒரு நிமிடம் எனக்கு அப்பாடா என்றிருந்தது. இருபது தடவை திரும்பி வலைக்குள் குனிந்து பந்தை எடுத்தவளுக்குத்தான் அது தெரியும். ஒவ்வொரு தடவையும் நம் ஆட்கள் நம்மைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பார்கள். பதினோராவது கோல் என் கால்களுக்கு நடுவே போனபோது எதிரணிப் பெண் ஒருத்தி ஓடிவந்து என் முதுகில் தட்டிக்கொடுத்தாள். கோலைவிட அந்தத் தட்டல்தான் எரிந்தது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். ஆடாமல் விட்டால் எதிரணிக்கு மூன்று கோல் என்று போட்டுக்கொள்வார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த இருபதும் நான் நின்று வாங்கியவை. இந்த மூன்றைப் படுத்துக்கொண்டு வாங்கச் சொல்கிறார்.

"கட்டை, பசிக்குதா?"

"நேத்துலேர்ந்து பசிக்குதுடி."

"அப்ப வா."

வழியில் ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும்போது நொண்டிக்கொண்டு வந்த இருவரையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர். கழுத்தில் அட்டை தொங்க, போட்டிக் கண்காணிப்பாளர் அம்மா வழக்கம்போல ஜன்னலோர மேசையில் இருந்தார். மூலையில் கோச்சக்கா ஆறிப்போன டீயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாங்கள் தட்டுகளை முட்டையும் ரொட்டியும் பழமுமாகக் குவித்துக்கொண்டு, நேராகப் போய்க் கண்காணிப்பாளருக்குப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்தோம்.

அடுப்படியில் நின்ற ஹோட்டல் சமையல்காரர் எங்கள் நாட்டுக்காரர். பிழைக்க வந்து பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

"அண்ணே, உங்க சாப்பாட்டால எங்களுக்கு வயித்தால போகுதாம். லெட்டரே எழுதியாச்சு" என்றேன்.

"எவன் சொன்னது?" கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "பதினெட்டு வருஷமா இந்த அடுப்புல நிக்கிறேன், ஒருத்தர் வயித்தப் பிடிச்சிருப்பாங்களா?" அதே வேகத்தில் கண்காணிப்பாளரிடம் திரும்பி அவர் மொழியில் பொரிந்து தள்ளினார். அந்த அம்மா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"யாருக்கு உடம்பு சரியில்லன்னு கேக்குறாங்க" என்றார் சமையல்காரர்.

வாயில் இருந்த முட்டையை விழுங்கிவிட்டு எழுந்தேன். "யாருக்கும் இல்லன்னு சொல்லுங்கண்ணே. இன்னும் ரெண்டு ரொட்டி கிடைக்குமா?"

எங்கள் மேசைகளில் சிரிப்பு வெடித்தபோது மேனேஜர் சார் வாசலில் நின்றுகொண்டிருந்தார், கையெழுத்தில்லாத தாளோடு. எல்லோரும் கோச்சக்காவைப் பார்த்தோம். அவர் சாரைப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஆட்டக்காரர் பட்டியல் படிவத்தை எடுத்து, கையால் நீவி, முதல் பெயரை எழுதினார்.

"கையுறை காஞ்சிடுச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"இன்னும் ஈரமாத்தான் இருக்குக்கா."

"பரவால்ல, போட்டுக்க."

சார் அருகே வந்து குனிந்தார். "ஊருக்குப் போனதும் இதப் பத்திப் பேசணும்."

"பேசலாம் சார்" என்றார் கோச்சக்கா, இரண்டாவது பெயரை எழுதிக்கொண்டே.

முதல் பாதியில் மூன்று விழுந்தது. ஒரு பந்தை முகத்தால் தடுத்தேன். உதடு கிழிந்து உப்புக் கரித்தது. பாதிக்கோட்டைத் தாண்டி நாங்கள் போனது இரண்டே தடவை. நான்காவதைக் கால் நகத்தில் தொட்டும் வெளியே தள்ள முடியவில்லை. ஐந்தாவது, கார்னரிலிருந்து. அவர்களின் நெட்டைப் பெண் எல்லோர் தலைக்கும் மேலே எழும்பி முட்டினாள். அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பார்க்க வந்தவர்கள் எழுந்து நடக்கத் தொடங்கினார்கள். பலகையில் இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. எங்கள் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள்.

வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்தேன். உதைத்து அனுப்பவில்லை. அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினேன்.

ஐந்து கோல் வாங்கிய கோல்கீப்பர் பந்தோடு நடு மைதானத்துக்கு ஓடுவதைப் பார்த்து யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். கட்டிப்பிடித்து நின்றவர்களைத் தாண்டும்போது, "நேரம் போகுது, வாங்கடி!" என்று எங்கள் ஆட்களைப் பார்த்துக் கத்தினேன். கட்டை தலையைத் தூக்கினாள். ஓடிவர ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

நடுப்புள்ளியில் பந்தை வைத்தேன். புல் பெயர்ந்த இடம், பந்து உருண்டது. மண்டியிட்டு, அது அசையாமல் நிற்கும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிறகு எழுந்து திரும்பினேன். ஆளில்லாத என் கோல் தூரத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதை நோக்கி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தேன், முதுகுக்குப் பின்னால் ஆட்டத்தை மறுபடி தொடங்கும் விசில் ஒலித்தது.