வாயில் கறி இருக்கும்வரை

பட்டாசு கடைசியாகத் தங்கச்சி புருஷனை அடித்தபோது அந்த மனுஷனின் முன்பல் ஒன்று தெறித்து விழுந்தது. பஸ் நிறுத்தத்தில், நாலு பேர் பார்க்க. தங்கச்சி கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்ததைப் பார்த்துவிட்டு நேரே போய்க் கொடுத்தது அது. கொடுத்த கையோடு பட்டறைக்கு வந்து லாரிக்கு அடியில் படுத்து வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். லாரி மெக்கானிக்கான அவனுக்குப் பட்டாசு என்கிற பேர் சும்மா வரவில்லை. திரியெல்லாம் வேண்டாம், பக்கத்தில் நின்று தும்மினாலே வெடிப்பான்.

அண்ணன்காரன் வீரம் காட்டிவிட்டுப் போய்விட்டான், அந்தப் பல்லுக்குப் பதில் சொன்னது தங்கச்சிதான். கதவைச் சாத்திவிட்டு அவளைத் துவைத்தெடுத்தான் புருஷன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் முந்திக்கொண்டு பெண்ணைக் கூட்டிப் போய்விட்டான். முதல் வகுப்பு படிக்கிற குழந்தை. அதன் முகத்தைப் பார்க்காமல் தங்கச்சி சோறு தண்ணி இறங்காமல் கிடந்தாள்.

அவள் கெஞ்சிக் கூத்தாடிய பிறகு ஒரு வழியாகப் புருஷன் இறங்கி வந்தான். "ஞாயித்துக்கிழமை மதியம் எல்லாரும் ஒண்ணா வெளிய சாப்பிடலாம். உங்க அண்ணனும் வரட்டும். மனுஷனா நடந்துகிட்டார்னா பாப்பாவை உன்கூடவே அனுப்பிடறேன். கை நீட்டினார்னா, அப்புறம் பாப்பாவை நீ போட்டோவுலதான் பாக்கணும்" என்று போனில் சொன்னான்.

கிளம்பும்போது தங்கச்சி அண்ணனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். "அண்ணே, அவர் என்ன பேசினாலும் நீ வாயத் தொறக்காத. கோவம் வந்தா ஒரு துண்டு கறிய எடுத்து வாயில போட்டு மெல்லு. முழுங்கினதும் இன்னொண்ணு போடு. இன்னைக்கு ஒரு நாள் மட்டும், எனக்காக."

"சரி தாயீ. மாடு மாதிரி மெல்றேன், போதுமா?" என்றான் பட்டாசு.

ஊருக்கு ஊர் கிளை திறந்து வைத்திருக்கிற பார்பிக்யூ கடை அது. பெரிய வணிக வளாகத்தின் மூன்றாவது மாடி. எந்தக் கிளைக்குப் போனாலும் அதே சிவப்பு நாற்காலி, அதே பாட்டு, வாசலில் அதே சிரிப்பு. மேசை நடுவில் பள்ளம் வெட்டி, கங்கு நிறைந்த இரும்புத் தொட்டியை இறக்கி வைப்பார்கள். கம்பியில் குத்திய கறியை அதன்மேல் வரிசையாக அடுக்குவார்கள். மேசையில் ஒரு சின்னக் கொடி நிற்கும். அது நிமிர்ந்து நிற்கும்வரை கம்பி வந்துகொண்டே இருக்கும், சாய்த்து வைத்தால் நின்றுவிடும்.

குழந்தை அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அம்மாவைக் கண்டதும் பாதி எழுந்து, அப்பா முகத்தைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்துகொண்டது. தங்கச்சிக்குக் கண் கலங்கியது. எதிர்ப் பக்கத்தில் அண்ணனோடு உட்கார்ந்தாள்.

"வாங்க மச்சான், உடம்பெல்லாம் எப்படி இருக்கு?" என்றான் புருஷன். இன்சூரன்ஸ் ஏஜென்ட், பேச்சில் தேன் ஒழுகும். சிரித்தபோது புதிதாகக் கட்டிய பல் மற்றப் பற்களைவிட வெள்ளையாக இருந்தது.

"நல்லா இருக்கேன் மாப்ளே" என்று சொல்லிவிட்டுப் பட்டாசு ஒரு கம்பியை உருவி இரண்டு துண்டை வாயில் போட்டான்.

"பாப்பா, உங்கம்மா உன்ன விட்டுட்டு ஓடிப்போனாள்ல, யார் வீட்டுக்கு ஓடினா சொல்லு? இந்த மாமா வீட்டுக்குத்தான்."

மென்றான்.

"மச்சான் இன்னும் லாரிக்கு அடியிலதான் படுத்திருக்காரா? பாவம், படிச்சிருந்தா வெளிய வந்திருக்கலாம்."

அதற்கும் மென்றான். கோழி, ஆட்டுக்கறி, இறால், அன்னாசித் துண்டு, எது வந்தாலும் உள்ளே போனது. சர்வர் வாயெல்லாம் பல்லாக, "சாருக்கு நம்ம கறி ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று இன்னும் நாலு கம்பி வைத்துவிட்டுப் போனார். பிடித்ததாவது ஒன்றாவது! காரமா உப்பா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. தாடை வலித்தது, வயிறு கல்லாகக் கனத்தது. ஆனால் வாயில் கறி இருக்கிறவரைக்கும் கை சும்மா இருந்தது.

டிஷ்யூ கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தான். மேசைக்கு அடியில், செருப்பைக் கழற்றி வைத்திருந்த தங்கச்சியின் கால் விரல்கள்மேல் புருஷனின் ஷூ குதிகால் ஏறி நின்று திருகிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தான். மேலே அவள் குழந்தைக்குச் சோளத்தை உதிர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் வெளுத்திருந்தது. அண்ணன் பார்ப்பது தெரிந்ததும் கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

பட்டாசு மூன்று துண்டை ஒன்றாக வாயில் அடைத்தான். கண்ணில் நீர் முட்டியது.

புருஷன் கை நீட்டிக் கொடியைச் சாய்த்தான். "மச்சான் ஒரு வருஷத்துக்குச் சேத்துச் சாப்பிட்டுட்டார். போதும்பா" என்று சர்வரிடம் சொன்னான். தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பட்டாசு வாயில் இருந்ததை விழுங்கினான். மெல்வதற்கு ஒன்றும் இல்லை. நாக்கால் பல்லிடுக்கைத் துழாவினான்.

அடுப்பில் கடைசியாக ஒரு கம்பி கிடந்தது. அதன் மரப்பிடியைப் பிடித்து எடுத்து, முனையைத் தங்கச்சியின் பக்கம் நீட்டினான் புருஷன். "நீ ஒண்ணுமே சாப்பிடல. இந்தா."

அவள் மரப்பிடிக்காகக் கை நீட்டினாள். அவன் தரவில்லை.

"இந்தப் பக்கம் பிடி" என்றான் மெதுவாக. "பாப்பா உன்கூட வரணும்ல?"

அவள் பிடித்தாள். கங்கில் காய்ந்த இரும்பை உள்ளங்கையால் பிடித்தாள். தோல் பொசுங்குகிற சத்தம் பட்டாசுக்குக் கேட்டது. அவள் கத்தவில்லை, கம்பியைப் போடவுமில்லை. அண்ணன் முகத்தையே பார்த்துத் தலையை ஆட்டினாள், இல்லை, இல்லை என்று. அதை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைத் தண்ணீர் டம்ளருக்குள் விட்டாள். முடிந்தது. அவள் தாங்கிவிட்டாள். இன்னும் ஐஸ்கிரீம் ஒன்றுதான் பாக்கி. பட்டாசு பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

அவனால் முடியவில்லை.

லாரி டயரைத் தூக்கிப் பழகிய கை. மேசை விளிம்பைப் பிடித்து ஒரே நெம்பு நெம்பினான். மேசை அப்படியே எதிர்ப் பக்கம் சாய்ந்தது. அதைத் தாண்டிப் பாய்ந்து புருஷனை நாற்காலியோடு தரையில் சாய்த்து, நெஞ்சின்மேல் முழங்காலை ஊன்றினான். முதல் குத்தில் மூக்குத்தண்டு நொறுங்கியது. இரண்டாவதில் கட்டின பல் போனது. அப்புறம் கணக்கில்லை. சொல்லவே கூடாது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், அவனுக்குச் சுகமாக இருந்தது. பசித்தவனுக்கு இப்போதுதான் சோறு கிடைத்தது போல இருந்தது.

அந்தக் கோடி மேசையில் யாருக்கோ பிறந்தநாள். கடை ஆட்கள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவே வீல் என்று ஓர் அலறல். அடி வாங்குகிறவன்தான் கத்துகிறான் என்று நினைத்து இன்னும் ஓங்கிக் குத்தினான் பட்டாசு. பாட்டு நின்றது. அலறல் நிற்கவில்லை. காவலாளியும் சர்வரும் அவனைப் பின்னாலிருந்து இழுத்தார்கள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தான்.

மேசை சாய்ந்த பக்கம் அப்பா மட்டுமா உட்கார்ந்திருந்தான்?

தொட்டியில் இருந்த கங்கு பாதிக்கு மேல் குழந்தையின் மடியில் கொட்டியிருந்தது. கவுன் தொடையோடு ஒட்டி உருகிக்கொண்டிருந்தது. தங்கச்சி வெறுங்கையால் கங்கை அள்ளி அள்ளி எறிந்துகொண்டிருந்தாள். யாரோ ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். குழந்தைக்குக் குரல் போய், வாய் மட்டும் திறந்திருந்தது.

பட்டாசு ஓங்கிய கையை இறக்கினான். "பாப்பா" என்று ஓரடி எடுத்து வைத்தான். குழந்தை அம்மாவின் கழுத்தை விட்டுவிட்டு, தரையில் ரத்தம் ஒழுக எழுந்து நின்ற அப்பாவிடம் இரண்டு கையையும் நீட்டியது. அவன் வாரித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"கார் கீழ இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணும், வா" என்றான் தங்கச்சியிடம். மூக்கு உடைந்த குரல். அவள் உடனே செருப்பில்லாமல் அவன் பின்னால் நடந்தாள்.

"அம்மாடி, நானும் வரேன்" என்று காவலாளியை இழுத்துக்கொண்டே லிஃப்ட் வரைக்கும் ஓடினான் பட்டாசு. "அவன்கூடப் போகாத. நான் ஆட்டோ புடிக்கறேன். சொன்னாக் கேளு."

லிஃப்டுக்குள் ஏறியவள் திரும்பி நின்றாள். இரண்டு கையும் வெந்து போய், எதையும் தொடாமல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"இத்தனை வருஷமா அவர் என்னைத்தான் அடிச்சார்ணே" என்றாள். "புள்ள மேல ஒரு நாளும் கை வெச்சதில்ல."

கதவு மூடிக்கொண்டது. காவலாளி அவன் சட்டையை விட்டுவிட்டு, போலீஸுக்குச் சொல்லியாகிவிட்டது, இங்கேயே உட்காருங்கள் என்றார். பட்டாசு சொன்ன இடத்தில் உட்கார்ந்தான்.